பூச்சியம் அல்ல

எழுநூற்றெண்பது கிலோமீற்றர் உயரத்தில்
ஐந்து நாளுக்கொருக்கால் போகிறது செய்மதி.
அதற்கு நெடுந்தீவு
பத்து மீற்றர்ச் சதுரங்கள், ஏறத்தாழ ஐந்து இலட்சம்.
ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைக்க வேண்டும்:
பனை, புல், பற்றை, உவர்நிலம், குடிமனை.
கூரை விழுந்து மரம் முளைத்த வீடுகளை
அது காடு என்கிறது.
திருத்துகிறேன். அடுத்த படத்திலும் காடு என்கிறது.

பவளக்கல் வேலிகள் அதற்குத் தெரியா,
அத்தனை ஒடுக்கம்.
வேலியோரம் தங்கும் ஈரம் மட்டும் தெரிகிறது,
பங்குனியிலும் வற்றாத பச்சைக் கோடாய்.
அந்தக் கோடுகளில்தான் முயல்கள் போய்வருகின்றன.
இதை நான் கண்டறிந்ததாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.
முயல்கள் ஆட்சேபிக்கவில்லை.

திருநெல்வேலியில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே
நாற்பது கமெராக்களின் நினைவட்டைகளைத் திறக்கிறேன்.
மாடு. மாட்டின் வயிறு.
வில்லையை நக்கிய மாட்டு நாக்கு.
மட்டக்குதிரையின் பின்புறம்.
காற்றுக்கு ஆடிய ஒரே வடலி, முந்நூற்றாறு தடவை.
ஒரு கீரி, அவசரத்தில்.

கேள்வி ஒன்றுதான்:
இந்தத் தீவில் நரி இருக்கிறதா?

கார்த்திகை மழையில் பதினேழாம் கமெராவுக்குள் தண்ணி.
பத்தொன்பதாவதை யாரோ கழற்றிக்கொண்டு போய்
ஆட்டுக்கொட்டிலுக்குக் காவல் வைத்திருந்தார்கள்.
(ஆடுகள், நூற்றுநாற்பது படங்கள். நல்ல தரம்.)
செய்மதியும் அந்த மாதம் முழுக்க
முகிலைத்தான் படமெடுத்தது.
அந்த நாட்களின் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தேன்.

ஒப்படைக்க முதல்நாள் இரவு
பிரணவரூபன் உதவி செய்தான்.
"வெள்ளையாக் கிடந்தது அக்கா, வடிவில்லை."
நூற்றுப்பன்னிரண்டு கட்டத்துக்கும்
பூச்சியம் போட்டிருந்தான்.
வரைபு அறுபடாமல் ஓடியது.
நரி இல்லை, என்றது.
பேராசிரியருக்குச் சந்தோசம். கடைசியில் ஒரு முடிவு.

கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு
குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்டேன்.
படகில் அருளப்பு அண்ணர் கேட்டார்
என்ன பிள்ளை, கணக்குப் பிழைச்சிட்டுதோ எண்டு.
சொன்னேன்.
சுக்கானில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பூச்சியம் எண்டா, போய்ப் பாத்தம், இல்லை எண்டுதானே?
பாக்காம எப்பிடிப் போடுறது?"

பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலால்:
"கச்சேரியில ஒரு படிவம் தந்தவை, தம்பிக்கு.
செத்தவர் எண்ட பெட்டிக்குள்ள புள்ளடி போடச் சொல்லி.
போட்டாக் காசு வருமாம்.
இன்னும் வெள்ளையாத்தான் கிடக்கு."

அலை ஒன்று ஏறி இறங்கியது.
என் அட்டவணையில் முப்பத்தொரு பத்திகள்.
அவர் சொன்னதை எதில் பதிவது என்று தெரியவில்லை.

மூன்று நாள்.
திகதி, கமெரா எண், ஏன் வெறுமை என்ற காரணம்,
ஒவ்வொன்றாய்ப் பூச்சியத்தை அழித்தேன்.
மழை. மழை. மின்கலம் செத்தது. மழை. ஆடு.
வரைபு பல் விழுந்த வாயாய்த் திரும்பி வந்தது.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இப்ப இது என்ன சொல்லுது?"
"தெரியாது எண்டு சொல்லுது சேர்."

பதினேழாம் கமெராவின் அட்டையை
ஒரு கிழமை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன்.
மூன்று படங்கள் மிஞ்சின.
இரண்டில் மாடு.
மூன்றாவதில் இருட்டு, சாய்ந்த மழைக் கீறல்கள்,
வேலியோரம் இரண்டு கண்கள்.
கல்லோடு ஒப்பிட்டு உயரம் அளந்தேன்:
நரியாகலாம். ஊர் நாயாகவும் ஆகலாம்.
அந்தக் கட்டத்துக்குள் எதுவும் எழுதவில்லை.

நேற்றுப் பத்தே முக்காலுக்கு
செய்மதி தீவுக்கு மேலால் போயிருக்கிறது.
முகில் இல்லை.
இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை.